‘மெய்யழகன்’ பார்த்த பிறகு ஒரு போன்கால்

(நம் குடியிருப்பின் ‘மாதம் ஒரு படம்’ கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியாகிறது.)



தண்ணீர் லாரி, பார்க்கிங், பராமரிப்புக் கட்டணம் எதுவுமே நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. சுண்டல் இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியோ, வந்துவிட்டீர்கள். நன்றி.

இந்த மாதத்துக்கு எடுத்துக்கொண்ட படம் ‘மெய்யழகன்’. 2024 செப்டம்பரில் வந்தது. ‘96’ எடுத்த பிரேம் குமார்தான் இயக்குநர். கார்த்தியும் அரவிந்த் சாமியும் நடித்தது. இசை கோவிந்த் வசந்தா. பெரும்பாலானோர் நெட்பிளிக்ஸில் வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், கதையைச் சொல்லாமல் என்னால் பேச முடியாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சினிமா விமர்சகன் இல்லை. கேமரா கோணம், திரைக்கதை அமைப்பு பற்றியெல்லாம் எனக்குப் பேச வராது. இந்தப் படம் என் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனாலும் சொல்லலாம் என்று முடிவுசெய்துதான் வந்திருக்கிறேன்.

கதை சின்னது. 1996. தஞ்சாவூரில் ஒரு குடும்பம். சொத்துத் தகராறில் பூர்வீக வீடு கையைவிட்டுப் போகிறது. அந்தக் குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுகிறது. அந்த வீட்டுப் பையன் அருள்மொழிக்கு அந்த ஊரே உயிர். போனவன் திரும்பவே இல்லை. 22 வருஷம் கழித்து, சின்ன வயதில் தூக்கி வளர்த்த புவனாவுக்கு நீடாமங்கலத்தில் கல்யாணம் என்று அழைப்பு வருகிறது. அப்போது அருளாக அரவிந்த் சாமி. ‘போனோம், மொய் வைத்தோம், ராத்திரியே பஸ் ஏறினோம்’ என்ற திட்டத்தோடு கிளம்புகிறார்.

மண்டபத்தில் ஒருவர் ‘அத்தான்’ என்று வந்து ஒட்டிக்கொள்கிறார். அவர் கார்த்தி. அருளைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். அருளுக்கோ அவர் யார் என்றே தெரியவில்லை, பெயரும் நினைவில் இல்லை. ‘நீங்க யாரு?’ என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். இவ்வளவு பிரியமாக இருப்பவரிடம் அதை எப்படிக் கேட்பது? தெரிந்த மாதிரியே சமாளிக்கிறார். பஸ் போய்விடுகிறது. அந்தப் பெயர் தெரியாத சொந்தக்காரர் வீட்டிலேயே இரவு தங்க வேண்டியதாகிறது. விடிய விடியப் பேச்சு. அவ்வளவுதான் படம்.

(‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவனாக வந்த அதே கார்த்தி, இங்கே அருள்மொழி வர்மன் என்ற பெயருள்ளவரை அத்தான் என்று கூப்பிடுகிறார். என் மகள்தான் இதைக் கண்டுபிடித்துச் சிரித்தாள்.)

முதலில் வந்தபோது படம் கிட்டத்தட்ட 3 மணி நேரம். நீளம் என்று பேச்சு எழுந்ததும் சுமார் 18 நிமிடம் குறைத்தார்கள். அந்த முதல் வடிவத்தைத் தியேட்டரில் பார்த்தவன் நான். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். கரிகாலன், பழைய போர்கள், காளை என்று அவர் பேசிக்கொண்டே போகும்போது எனக்கும் ஓரிடத்தில் கண் சொக்கியது. ஆனால் 22 வருஷம் பேசாதவர்கள் ஒரு ராத்திரி பேசினால் அப்படித்தான் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் வரும். கேட்க வேண்டியதைக் கேட்கவே தைரியம் வராது.

நம் ஆட்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. 1959லேயே பீம்சிங் ‘பாகப்பிரிவினை’ எடுத்தார். கூட்டுக் குடும்பம் பிரிந்து, ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பிய கதை. 1993ல் பாரதிராஜாவின் ‘கிழக்குச் சீமையிலே’. அண்ணன் தங்கைப் பாசத்துக்குக் குறுக்கே பகை வந்து நிற்கும் படம். நம் அப்பா அம்மாக்கள் முதல் படத்துக்கு அழுதார்கள், நாம் இரண்டாவது படத்துக்கு அழுதோம். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, பேசாத சொந்தத்தோடு பேசாமலேயே இருந்தோம். இதை மறுக்க முடியுமா?

அந்தப் படங்களில் சண்டை கண்ணெதிரே நடக்கும். ‘மெய்யழக’னில் சண்டை நடந்து முடிந்து 22 வருஷம் ஆகிவிட்டது. யார் என்ன சொன்னார், யார் எவ்வளவு பிடுங்கினார் என்று விவரம் அதிகம் கிடையாது. சண்டைக்குப் பிறகு மிச்சமிருப்பது மட்டும்தான் திரையில் வருகிறது. என்னைப் பிடித்துக்கொண்டதும் அதுதான்.

நீடாமங்கலம் பக்கம் போனவர்களுக்கு மூணாறு தலைப்பு தெரிந்திருக்கும். கல்லணையில் காவிரியிலிருந்து பிரிந்து வருகிற வெண்ணாறு, அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மதகு வைத்து, கணக்குப் பார்த்துத் தண்ணீரைப் பிரித்து விடுவார்கள். பிரிந்த பிறகு ஒவ்வொன்றும் தன் வழியில் போய்ப் பாய்ந்துகொண்டே இருக்கும், திரும்பச் சேராது. டெல்டாக்காரனான எனக்கு, சொந்தம் பிரிவது என்றாலே அந்த இடம்தான் ஞாபகத்துக்கு வரும். பிரித்துத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. எந்த மதகை எவ்வளவு உயர்த்தினார்கள் என்பதில்தான் பிரச்சினை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

படம் பார்க்கும்போது நாம் எல்லோரும் யாராகிறோம்? அருளாகத்தான். வீட்டை இழந்தவன், ஏமாற்றப்பட்டவன், வெளியே போனவன். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர், முன்வரிசையில் இருந்தவர், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் காபி வாங்க வரிசையில் நிற்கும்போது எனக்கு ஒரு கணக்கு இடித்தது. இங்கே இருக்கிற 300 பேரும் ஏமாந்தவர்கள் என்றால், ஏமாற்றியவர்கள் எந்தத் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அந்தத் தஞ்சாவூர் வீட்டைக் கையில் வைத்துக்கொண்டவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா? அவர்களும் இந்தப் படத்துக்கு வந்து, தங்களை அருளாக நினைத்துக்கொண்டு அழுவார்கள்தானே?

அப்படி அழுத பிள்ளைகளில் ஒருவன் நான். எங்கள் வீட்டில் வெளியே போனவர் என் சித்தப்பா. வீட்டில் இருந்தவர்கள் நாங்கள்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு ஊர். தாத்தா கட்டிய ஓட்டு வீடு, திண்ணை, முற்றம், பின்னால் கிணறு. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். 1994ல் சித்தப்பாவுக்குக் கடன் நெருக்கடி. திருப்பூரில் வேலை கிடைத்தது, கிளம்ப வேண்டும், கையில் பணம் வேண்டும். அப்பா ஒரு தொகை கொடுத்தார். சித்தப்பா தன் பாகத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவானது. பத்திரத்தில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அந்தத் தொகை அன்றைய விலையில் பாதிக்குக்கூட வராது என்று அத்தை ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவசரத்தில் இருப்பவரிடம் வாங்கும்போது விலை எப்படிப் போகும் என்று இங்கே வீடு வாங்கி விற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் பெரிய விஷயம்தான். ஆனால் இந்தப் படம் எனக்குள் கிளறியது அதை இல்லை, ஒரு தையல் மெஷினை.

படத்தில் ஒரு சைக்கிள் வரும். ஊரைவிட்டுப் போகும்போது அருள் விட்டுப்போன சைக்கிள். அவர் அதை மறந்தே போய்விட்டார். இந்தப் பெயர் தெரியாத மனிதர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அந்த சைக்கிளை வைத்துத்தான் எங்கள் குடும்பமே தலையெடுத்தது அத்தான் என்று சொல்கிறார். தான் இழந்ததை மட்டுமே 22 வருஷமாக எண்ணிக்கொண்டிருந்த அருளுக்கு, தான் விட்டுப்போன ஒன்று இன்னொரு குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது என்று தெரிகிறது. அதைத் தாங்க முடியவில்லை. இவ்வளவு நன்றியோடு இருப்பவரின் பெயர்கூடத் தெரியாதே என்ற வெட்கத்தில், விடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார்.

அந்தக் காட்சியில் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்க சித்தி விட்டுட்டுப் போன மெஷின் மாதிரியே இல்ல?” என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கு. சித்தி ஒரு தையல் மெஷின் விட்டுவிட்டுப் போனார். கால் மிதி வைத்த பழைய மெஷின். அம்மா அதில் ரவிக்கை தைக்க ஆரம்பித்தார். அப்பா சம்பளம் சரியாக வராத காலம். என் கடைசி வருஷக் கல்லூரிக் கட்டணம், தங்கையின் பயிற்சிக் கட்டணம் எல்லாம் அந்த மிதியில் இருந்து வந்தவை. அப்பா 1998ல் போன பிறகு, நான் வேலைக்குப் போய் நிலைக்கும்வரை வீட்டை ஓட்டியதும் அதுதான். கல்யாணமாகி வந்த மனைவிக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன், என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். ‘சின்னப் பாட்டி விட்டுட்டுப் போன மெஷின்.’

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ‘விட்டுட்டுப் போன’ என்ற வார்த்தை உறுத்தியது.

விட்டுவிட்டுப் போகவில்லை. டெம்போவில் ஏற்றியிருந்தார்கள். திருப்பூர் போகிற ஒரு பெண், கையில் தையல் தெரிந்தவர், மெஷினை விட்டுவிட்டா போவார்? அப்பா திண்ணையில் நின்றுகொண்டு, “அது பொதுக் காசுல வாங்கினது” என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என்னைப் பார்த்து, “இறக்கி வைடா” என்றார். எனக்கு 19 வயது. டெம்போவில் ஏறி, பாய்க்கட்டை ஓரம் தள்ளிவிட்டு, டிரைவர் ஒரு பக்கம் பிடிக்க, மெஷினை இறக்கித் திண்ணையில் வைத்தது நான்தான்.

எப்போது அது ‘விட்டுட்டுப் போன’ மெஷினாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் உட்கார்ந்து பொய் சொல்லவில்லை. அம்மா ஒருநாள் அப்படிச் சொல்லியிருப்பார், நாங்கள் பிடித்துக்கொண்டோம். 30 வருஷத்தில் எனக்கே அதுதான் ஞாபகமாகிவிட்டது. இழந்தவன் ஒவ்வொரு பைசாவையும் ஞாபகம் வைத்திருக்கிறான். வாங்கிக்கொண்டவன் ‘அவங்களா குடுத்தாங்க’ என்று மறந்துவிடுகிறான். அருளுக்கு மறந்தது ஒரு பெயர். எனக்கு மறந்தது நான் செய்த காரியம்.

சித்தப்பா 2011ல் இறந்தார். செய்தி வந்தது, நான் போகவில்லை. ‘ரெண்டு நாள் கழிச்சுத்தானே தெரிஞ்சுது, எல்லாம் முடிஞ்சிருக்கும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரியத்துக்காவது போயிருக்கலாம். படத்தில் அருளுக்குக் கொடுப்பினை இருக்கிறது. ராஜ்கிரண் நடித்த சொக்கலிங்கம் மாமா உயிரோடு இருக்கிறார், கட்டிப்பிடித்துக்கொள்ள முடிகிறது. சினிமா நமக்காக ஆட்களை உயிரோடு வைத்திருக்கும். வாழ்க்கையில் அப்படி யாரும் காத்திருப்பதில்லை.

இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒருநாள் அத்தையிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். ஒரு சின்னப் பையன் எடுத்தான். “யாரு பேசுறீங்க?” என்றான். சித்தப்பாவின் பேரனாக இருக்க வேண்டும். என்ன சொல்வது? முறைப்படி நான் அவனுக்குப் பெரியப்பா. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. “ஊர்லேர்ந்து பேசுறேன், பாட்டிகிட்ட குடுப்பா” என்றேன். நான் பேசியது சென்னையிலிருந்து. ஆனாலும் ஊர் என்றுதான் வாயில் வந்தது.

சித்தி வந்தார். பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார், “என்னடா, எதாவது பத்திரத்துல கையெழுத்து வேணுமா?”

இதைச் சொல்லும்போது சிலர் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. பேசாத சொந்தம் போன் செய்கிறது என்றால் நம் ஊரில் என்ன காரணம் இருக்கும்? வாரிசுச் சான்றிதழ், கூட்டுப் பட்டா, விடுதலைப் பத்திரம். கையெழுத்துக்காக மட்டும்தான் நாம் ஒருவரையொருவர் தேடுகிறோம்.

“அதெல்லாம் இல்ல சித்தி. மெஷினை அன்னைக்கு நான்தான் இறக்கினேன். அதைச் சொல்லணும்னு தோணுச்சு” என்றேன்.

“தெரியும்டா. பார்த்துக்கிட்டுதானே நின்னேன்.”

வேறு ஒன்றும் எனக்குப் பேச வரவில்லை. அம்மா அதில் தைத்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார் என்று மட்டும் சொன்னேன். மறுபடியும் மௌனம். பிறகு கேட்டார், “இப்ப ஓடுதா?”

“அம்மா போனதுக்கப்புறம் யாரும் மிதிக்கல சித்தி.”

“எண்ணெயாவது விட்டு வை. துருப்பிடிச்சிரும்.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். மொத்தம் 4 நிமிடம்கூட இருக்காது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. சித்தப்பா மகன், என் தம்பி முறை, என்னோடு இன்னும் பேசவில்லை. பேச வேண்டிய கட்டாயம் அவனுக்குக் கிடையாது. சித்தியோடு மட்டும் மாதம் ஒருமுறை பேசுகிறேன். பொங்கலுக்குப் பிறகு மெஷினைச் சர்வீஸ் செய்து திருப்பூருக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். “பழைய இரும்பை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?” என்று சித்தி சொல்லிவிட்டார். கொண்டுவராதே என்றும் சொல்லவில்லை.

வீடு? அது என் பெயரிலும் தங்கை பெயரிலும் இருக்கிறது. சித்தப்பா குடும்பத்துக்கு நியாயமாகப் போயிருக்க வேண்டிய மீதியை ஏதோ ஒரு விதத்தில் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். “பத்திரம் எழுதி முடிஞ்ச கணக்கைக் கிளறாத அண்ணா, அப்பாவைக் குத்தவாளி ஆக்காத” என்கிறாள் தங்கை. அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவளுக்கும் குடும்பம், கடன் எல்லாம் இருக்கிறது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு சண்டையைத் தீர்க்கப் போய் இன்னொரு சண்டையை உண்டாக்கிவிடக் கூடாதே என்று பயமாகவும் இருக்கிறது. படத்திலும் அருளுக்கு வீடு திரும்பக் கிடைப்பதில்லை. அழுதால் மனம் லேசாகும், கணக்கு தீராது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதைக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

படத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். அந்த ராத்திரி முழுக்க ஆண்கள் இருவரும் உறவின் அருமையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் மனைவி, ஸ்ரீதிவ்யா நடித்த நந்தினி, பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு விருந்தாளியையும் கவனித்துக்கொள்கிறார். நம் வீடுகளிலும் சொந்தம் சேர்வது என்றால் யார் அடுப்படியில் நிற்கிறார்கள் என்று யோசிக்கலாம். எங்கள் வீட்டுச் சண்டையில்கூட, பேசியது அப்பாவும் சித்தப்பாவும். மெஷினை இழந்தது சித்தி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைக் காட்டி, ‘பாரு, எல்லாரும் சேர்ந்துடணும்’ என்று யாரையும் நெருக்காதீர்கள். அடி, அவமானம், வன்முறை காரணமாகச் சொந்தத்தை விட்டு வந்தவர்கள் உண்டு. அவர்கள் விலகி இருப்பது அவர்களுடைய பாதுகாப்பு. முதலில் போன் செய்ய வேண்டியவர் யார் என்றால், இழந்தவர் இல்லை. வாங்கிக்கொண்டவர்தான். அந்த முதல் அடியை எதிர்பார்த்து இழந்தவரை உட்காரவைப்பது இரண்டாவது அநியாயம்.

கடைசியாக நம் குடியிருப்புக்கு வருகிறேன்.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பெயர் விவகாரம். பெயர் தெரியாமலேயே ஒருவரோடு சாப்பிட்டு, சிரித்து, தூங்கி எழுந்து போகிறார் அருள். கேட்க வெட்கம். இதை நாம் தினமும் லிஃப்டில் செய்கிறோம். நான் இங்கே வந்து 9 வருஷம் ஆகிறது. காலையில் நடக்கும்போது தினமும் ஒருவர் வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். கிரிக்கெட் பேசுவோம், முழங்கால் வலி பேசுவோம். எனக்கு அவர் ‘பி 304’. போன வாரம்தான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், “சார், தப்பா நினைக்காதீங்க, உங்க பேர் என்ன?” அவர் சிரித்துவிட்டு, “நானும் உங்களைக் கேக்கணும்னு நாலு வருஷமா இருக்கேன்” என்றார். அவர் இப்போது மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நம் எல்லோரிடமும் இருக்கிற பத்திரத்தில் ஒரு வார்த்தை உண்டு. ‘பிரிபடாத பங்கு.’ யூடிஎஸ் என்று சொல்கிறோமே, அதுதான். இந்த மண்ணில் எந்தச் சதுர அடி யாருடையது என்று பிரித்துக் காட்ட முடியாது. எல்லோருக்கும் சேர்ந்துதான் பங்கு. ஊரில் பாகம் பிரித்துக்கொண்டு, அல்லது பிரிக்க முடியாமல் அடித்துக்கொண்டு, கிளம்பி வந்தவர்கள் நம்மில் பலர். வந்து சேர்ந்த இடத்தில், முன்பின் தெரியாத மனிதர்களோடு பிரிபடாத பங்கு எழுதி வாங்கியிருக்கிறோம். நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. இங்கேயும் நாளைக்கு ஒரு மெஷினை இறக்கி வைக்கச் சொல்லி யாராவது சொல்லக்கூடும். ‘பொதுக் காசு’ என்ற வார்த்தை சங்கக் கூட்டத்தில் எத்தனை முறை வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும், உங்கள் குடும்பத்தில் ‘அவங்க விட்டுட்டுப் போனது’ என்று சொல்லப்படும் ஒரு பொருளை நினைத்துப் பாருங்கள். ஒரு பீரோ, ஒரு அம்மி, ஒரு சைக்கிள், ஒரு ஊஞ்சல். அது உண்மையிலேயே விட்டுப்போனதுதானா என்று உங்களை நீங்களே கேளுங்கள். அன்று வீட்டில் இருந்த வயதானவர்கள் இன்னும் இருந்தால், அவர்களைக் கேளுங்கள். இல்லை, நீங்கள்தான் இழந்த பக்கம் என்றால், உங்கள் பொருள் எங்கேயோ யாருக்கோ சோறு போட்டிருக்கலாம் என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். போன் செய்வதும் செய்யாததும் அதற்குப் பிறகு உங்கள் விருப்பம்.

படத்தில் அந்த மனிதருடைய பெயர் கடைசியில்தான் வருகிறது. தலைப்பிலேயே அது இருக்கிறது, ஆனாலும் அருளின் வாயில் அந்தப் பெயர் வரும்வரை நாம் காத்திருக்கிறோம். என் சித்தப்பா பேரனுடைய பெயர் எனக்கு இரண்டாவது போன்காலில்தான் தெரிந்தது. அவனே சொன்னான். என் அப்பாவின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருக்கிறார்கள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று சித்தியிடம் இன்னும் கேட்கவில்லை. நேரில் போகும்போது கேட்கலாம் என்று இருக்கிறேன்.

சுண்டல் ஆறிக்கொண்டிருக்கிறது.